பந்து பொறுக்குகிறவன்

ஜார்ஜியாவில், எங்கள் குட்டாயிசியில்,
பந்தை உதைப்பது
கைக்காசை ஆற்றில் எறிவது மாதிரி.
முட்டு, தள்ளு, இன்னும் தள்ளு.
ஸ்க்ரம்மில் எட்டுப் பேர் ஒரே கழுத்தாகிவிட்டால்
ரியோனி ஆறே ஒதுங்கி வழிவிடும் என்பார்கள்.
நான் முன்வரிசை. பெயர் மல்காஸ்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

போன வருஷம் ஏழு ஆட்டம் தோற்றோம்.
ஏழும் வானத்திலிருந்து இறங்கிய தோல்வி.
எதிரணி உயர உதைக்கும்,
எங்கள் பெசிக் அண்ணாந்து நிற்பான்,
பந்து அவன் மார்பில் பட்டு
அடுத்தவன் வீட்டு விருந்துக்குப் போய்விடும்.

அக்டோபரில் முய்ரன் வந்தாள்.
உதைக்கவும் பிடிக்கவும் மட்டும் தனிப் பயிற்சியாளர்.
அயர்லாந்துக்காரி.
பெசிக்கைவிட ஆறு வயது சின்னவள்.
"பிடிக்கச் சொல்லித்தர ஒரு சம்பளமா?" என்றான் கேப்டன் வாஜா.
அவள் சந்தைக்குப் போய் ஒரு பை கமலாப்பழம் வாங்கிவந்து
அவன்மேலேயே எறிந்தாள், இரண்டிரண்டாய்.
ஈரப்புல்லில் உடைந்து கிடந்தவற்றை எண்ணி
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நோட்டில் எனக்குக் கட்டம் கிடையாது.
பெசிக் குதிக்கும்போது
மெத்தைக் கவசத்தால் இடுப்பில் இடிப்பேன்.
சோப்புத்தண்ணீர் வாளியில் பந்தை முக்கிக் கொடுப்பேன்.
கம்பத்துக்குப் பின்னால் போனதைப்
பொறுக்கி வருவேன்.

இடித்து இடித்தே பாடம் எனக்கு மனப்பாடம்:
பக்கவாட்டில் திரும்பு. முழங்கைகள் நெருங்கட்டும்.
ஒரு முட்டி முன்னே உயரட்டும்.
பந்தின் தையலைப் பார்.
பார்த்துக்கொண்டே கத்து.

கத்துவதுதான் பெசிக்குக்கு வராது.
பகலில் பல்செட் செய்கிறவன், சாது.
பந்து இறங்க இறங்க அவன் வாயில் வருவது
"என்னது?"
"என்னுது" என்று சொல், என்பாள்.
ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.
மூன்று மாதம் ஆயிற்று.

உதைப்பது தனிக் கூத்து.
கம்பங்களுக்கு நடுவே அடிக்க விடவே மாட்டாள்.
ஓரத்தில் பந்தை நடச் சொல்லி
கம்பத்தையே குறி வை என்பாள்,
"தவறினால் உள்ளே போகும்."
ஊன்றுகால் பந்தை ஒட்டி, கணுக்கால் இறுகி,
தலை நிமிராமல்.
போனதா இல்லையா என்பதைக் கூட்டம் சொல்லட்டும்.

டங் என்னும் கம்பம்.
ஒவ்வொரு டங்குக்கும் நான் ஓடினேன்.
எங்கே பட்டால் எங்கே விழும் என்று
என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது;
என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன். ருஸ்தாவியில் மழை. கடைசி நிமிடம்.
இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்,
பெனால்டி எங்களுக்கு.
பெசிக் பந்தை ஜெர்சியில் துடைத்து நட்டான்.
தலை நிமிரவில்லை. காலில் ஒரு குற்றம் இல்லை.
அப்படியொரு சுத்தமான உதை
எட்டு மாதம் குறிவைத்த இடத்தில் போய்ப் பட்டது.

டங்.

எல்லோரும் தலையில் கைவைத்தார்கள்.
நான் ஓடிக்கொண்டிருந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அந்தச் சத்தம் கேட்டால் ஓடுவேன்.

மழையோடு மழையாகப் பந்து இறங்கியது.
தையல் தெரிந்தது.
"என்னுது" என்றேன்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோவும் தரையை விட்டது
(எவ்வளவு உயரம் என்றால் சிரிப்பீர்கள்,
மடித்த செய்தித்தாள் ஒன்றை அடியில் நுழைக்கலாம்).
பந்து கைக்குள் வந்து
நெஞ்சில் தலைவைத்துக்கொண்டது.

கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில்
மூன்று பேர் என்மேல் விழுந்தார்கள்.
விசில்.
எட்டாவது தோல்வி என்று யாரோ எண்ணினார்கள்.

பஸ்ஸில் பெசிக் சன்னலைப் பார்த்தபடியே வந்தான்.
முய்ரன் நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.
எங்கள் கொக்கி எழுத்து அவளுக்கு வராது.
கடைசிக் கட்டத்துக்குக் கீழே, கோடு போடாத இடத்தில்,
சேற்றுவிரலோடு என் பெயரை நானே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது
வாளியில் சோப்பு நுரைத்திருந்தது.
மெத்தைக் கவசம் பெசிக் கையில் இருந்தது.
"குதி" என்றான்.